நாயின் தோலில் கட்டி: கண்டறிதலும் தரம் பிரித்தலும்

தோட்டத்துக்கும் ஆட்டுக் கிடைக்கும் காவல் நாய் இன்றியமையாதது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நம் நாட்டு இன நாய்களை வளர்ப்போர் பலர். அண்மைக் காலத்தில் லேப்ரடார், பாக்ஸர், பக் போன்ற வெளிநாட்டு இனங்களும் கிராமங்கள் வரை வந்துவிட்டன. நாய்க்கு வயது ஏற ஏற அதன் உடம்பில் எங்கேயாவது ஒரு கட்டி கையில் தட்டுப்படுவது உண்டு. அதைக் கண்டவுடன் வளர்ப்போர் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர், 'வயதான நாய், கட்டி வரத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், 'புற்றுநோய் வந்துவிட்டது, இனிப் பிழைக்காது' என்று முடிவு கட்டி நாயையே கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் தவறு. தோலில் உண்டாகும் கட்டிகளில் பல தீங்கற்றவை. சில தாமாகவே மறைந்துவிடும். தீங்கான கட்டிகளிலும் கணிசமானவற்றைத் தொடக்கத்திலேயே அறுத்து எடுத்தால் நாய் முழு ஆயுளும் வாழும். எது எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. எத்தனை அனுபவம் உள்ள மருத்துவரானாலும் இது பொருந்தும். ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பதும், திசுவை வெட்டிச் சோதிப்பதும், அதன் தரத்தைப் பிரித்தறிவதுமே சரியான வழி. இவை எவ்வாறு நடைபெறுகின்றன, வளர்ப்போர் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

கட்டி எல்லாம் புற்று அல்ல

தோலில் வீக்கம் கண்டவுடன் முதலில் சாதாரணக் காரணங்களை ஆராய வேண்டும். கடிபட்ட இடத்தில் சீழ்க் கட்டி தோன்றும். அது சூடாகவும் வலியுடனும் இருக்கும், சில நாட்களிலேயே பெரிதாகும். காதுமடலில் இரத்தம் தேங்கி உப்பிக்கொள்ளும். கடினமான தரையில் படுக்கும் பெரிய நாய்களுக்கு முழங்கையில் நீர் கோத்துக்கொள்ளும். இரத்தம் குடித்து உப்பிய உண்ணியைக்கூடச் சிலர் மரு என்று எண்ணிவிடுகிறார்கள். தடுப்பூசி போட்ட இடத்தில் சிறு முடிச்சு ஏற்பட்டுச் சில வாரங்களில் கரைவதும் உண்டு.

குட்டி நாய்களின் வாயிலும் உதட்டிலும் பூக்கோசு போன்ற மருக்கள் கூட்டமாகத் தோன்றலாம். இது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டானதும் பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே உதிர்ந்துவிடும்.

மேற்கண்டவை நீங்கலாக உள்ளவையே உண்மையான கழலைகள். அதாவது, உடம்பின் கட்டுப்பாட்டை மீறிச் செல்கள் பெருகுவதால் உண்டாகும் கட்டிகள்.

அடிக்கடி காணும் வகைகள்

கொழுப்புக் கட்டி: நடுவயதைக் கடந்த, உடல் பருத்த நாய்களின் மார்பு, விலா, வயிற்றுப் பகுதிகளில் தோன்றும். மெத்தென்று இருக்கும், தோலுக்கு அடியில் நழுவும். தீங்கற்றது. நடைக்கு இடைஞ்சலாக இருந்தால் மட்டும் எடுத்தால் போதும்.

பொத்தான் கட்டி: பெரும்பாலும் 3 வயதுக்கு உட்பட்ட இளம் நாய்களின் தலை, காது, கால்களில் சிவந்த, முடியற்ற, சட்டைப் பொத்தான் போன்ற கட்டி விரைவாக வளரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் 2, 3 மாதங்களில் தானே மறைந்துவிடும். மருத்துவ நூல்கள் இதை 'ஹிஸ்டியோசைட்டோமா' என்று குறிப்பிடும்.

ஆசனவாய்ச் சுரப்பிக் கட்டி: விதை நீக்கப்படாத வயதான கடுவன் நாய்களின் ஆசனவாயைச் சுற்றியும் வாலடியிலும் வருவது. ஆண்மைச் சுரப்பு நீரால் தூண்டப்பட்டு வளர்வதால், விதை நீக்கம் செய்தாலே பெரும்பாலும் சுருங்கிவிடும். விதை நீக்கிய நாய்க்கோ பெட்டை நாய்க்கோ இவ்விடத்தில் கட்டி வந்தால் தீங்கான வகையாக இருக்கலாம் என்று எண்ணிக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

கறுப்புக் கட்டி: தோலுக்கு நிறம் தரும் செல்களிலிருந்து உண்டாவது. முடி மூடிய தோலில் வருபவை பெரும்பாலும் தீங்கற்றவை. வாய்க்குள்ளும் நகக்கண்ணிலும் வருபவை பெரும்பாலும் கொடியவை.

தோல் மேலணுப் புற்று: வெள்ளை முடியும் வெளிர் தோலும் உள்ள நாய்கள் ஆண்டுக்கணக்கில் வெயிலில் மல்லாந்து படுத்துக் கிடப்பதால், முடி குறைந்த அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் தோல் தடித்து, பொருக்குத் தட்டி, ஆறாத புண்ணாக மாறுவது உண்டு. நகக்கண்ணிலும் இது தோன்றும். 'நகச்சுற்று' என்று மஞ்சளை அரைத்துப் பூசி மாதங்களைக் கடத்திவிடுவோர் உண்டு. விரல் நுனி வீங்கி, நகம் கழன்று, ஆறாமல் இருந்தால் உடனே எக்ஸ்ரே எடுத்து எலும்பு அரிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மென்திசுப் புற்று: தோலுக்கு அடியில் உள்ள நார்த்திசு முதலியவற்றிலிருந்து எழுவது. உறுதியாக, ஒரே இடத்தில் பதிந்து, மெல்ல வளரும். மேலோட்டமாகத் தோண்டி எடுத்தால் மீண்டும் முளைக்கும். கோரைப் புல்லை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டதுபோல, கண்ணுக்குத் தெரியாத வேர்கள் சுற்றியுள்ள சதையில் தங்கிவிடுவதே காரணம்.

மாஸ்ட் செல் கட்டி: நாயின் தோலில் வரும் கழலைகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை இவ்வகையே. மிகவும் ஏமாற்றுவதும் இதுவே. ஒரு நாயில் சிறு மரு போலவும், மற்றொன்றில் பூச்சிக்கடித் தடிப்பு போலவும், வேறொன்றில் மெத்தென்ற கொழுப்புக் கட்டி போலவும் தோற்றமளிக்கும். பாக்ஸர், பக், லேப்ரடார் இனங்களில் அதிகம். மாஸ்ட் செல்களுக்குள் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் துகள்களாக நிறைந்திருக்கின்றன. கட்டியை அழுத்திப் பிசைந்தால் அவை வெளிப்பட்டுச் சுற்றிலும் சிவந்து வீங்கும். இன்று பெரிதாகவும் நாளை சிறிதாகவும் தோன்றும் கட்டியை இவ்வகை என்று சந்தேகிக்க வேண்டும். ஹிஸ்டமின் இரத்தத்தில் கலந்து இரைப்பையில் புண் உண்டாக்குவதால் நாய் வாந்தி எடுக்கலாம். சாணம் தார் போலக் கறுத்துப் போகலாம். இத்தகைய நாயை 'வயிற்றுக் கோளாறு' என்று மட்டும் எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் வீணாகும்.

இவை தவிர, இனச்சேர்க்கையின்போது தொற்றும் கட்டி ஒன்று உண்டு. நம் நாட்டுத் தெரு நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவதால் அதைத் தனியே காண்போம்.

செய்யக் கூடாதவை

கட்டியின்மேல் சுண்ணாம்பு வைப்பது, எருக்கம்பால் தடவுவது, குதிரை முடியாலோ நூலாலோ இறுக்கிக் கட்டுவது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது ஆகியவை இன்றும் சில இடங்களில் நடைபெறுகின்றன. இவற்றால் கட்டியின் மேற்பகுதி அழுகி விழலாம். அடிப்பகுதி அப்படியே இருக்கும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். பிறகு அறுவை செய்ய முற்படும்போது எது கட்டி, எது புண் என்ற எல்லையே தெரியாமல் போகும். மாஸ்ட் செல் கட்டியை இவ்வாறு காயப்படுத்தினால் நாய் அதிர்ச்சியில் சுருண்டு விழவும் கூடும்.

மற்றொரு தவறும் உண்டு. கட்டி கரையட்டும் என்று வகை தெரியும் முன்னரே ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்வது. மாஸ்ட் செல் கட்டியும் நிணநீர்ப் புற்றும் இம்மருந்தால் தற்காலிகமாகச் சுருங்கும். குணமாகிவிட்டது என்று எண்ணியிருக்க, நோய் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். பிறகு சோதித்தாலும் செல்கள் சரியாகத் தெரியாமல் போகலாம்.

வளர்ப்போர் வீட்டில் செய்யும் சோதனை

மாதம் ஒருமுறை நாயைக் குளிப்பாட்டும்போது தலை முதல் வால் வரை தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். உதடு, ஈறு, காது, அக்குள், விரல் இடுக்கு, பால்முலை வரிசை, ஆசனவாய், பிறப்புறுப்பு ஆகிய இடங்களை விட்டுவிடக் கூடாது. வலி உள்ள நாய் எசமானையும் கடிக்கும். ஆகவே வாய்க்கட்டுப் போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

கட்டி தென்பட்டால் ஒரு நோட்டில் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ட தேதி, இருக்கும் இடம், அளவு, மென்மையா கடினமா என்பது, தோலோடு நழுவுகிறதா சதையில் பதிந்திருக்கிறதா என்பது. அளவைக் கண்மதிப்பாகச் சொல்லாமல் அடிக்கோலால் அளந்து செ.மீ. கணக்கில் எழுத வேண்டும். கைப்பேசியில் அடிக்கோலை அருகில் வைத்துப் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

ஒரு கட்டி 1 செ.மீ., அதாவது பெரிய பட்டாணி அளவை எட்டிவிட்டாலோ, ஒரு மாதம் ஆகியும் மறையாவிட்டாலோ ஊசிச் சோதனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான விதி. வேகமாக வளர்வது, புண்ணாவது, இரத்தம் கசிவது, நாய் ஓயாமல் நக்குவது ஆகிய அறிகுறிகள் இருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஊசிச் சோதனை

இது எளிய சோதனை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. தடுப்பூசி போடுவதற்கு ஆகும் வலிதான் இதற்கும். கால்நடை மருத்துவர் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, இரண்டு மூன்று திசைகளில் மாற்றிக் குத்துவார். ஊசித் துளைக்குள் சிக்கிய செல்களைச் சிரிஞ்சால் கண்ணாடிச் சிலைடின்மேல் ஊதி, மற்றொரு சிலைடால் மெதுவாக இழைத்து, காற்றில் உலர்த்தி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

முதலில் அழற்சியா கழலையா என்பது தெரியும். சீழ்ச் செல்களும் கிருமிகளுமே நிறைந்திருந்தால் அது சீழ்க் கட்டி. கழலையானால் செல்களின் வடிவத்தைக் கொண்டு மூன்று குடும்பங்களாகப் பிரிப்பார்கள். தனித்தனியாக உருண்டு கிடப்பவை வட்டச் செல்கள். மாஸ்ட் செல், பொத்தான் கட்டி, தொற்றுக் கட்டி, நிணநீர்ப் புற்று ஆகியவை இதில் அடங்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருப்பவை மேல்தோல் அல்லது சுரப்பிச் செல்கள். கதிர் போல இருபுறமும் கூர்த்து நீண்டிருப்பவை நார்த்திசுச் செல்கள்.

மாஸ்ட் செல் கட்டியைப் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே உறுதி செய்துவிடலாம். செல்லுக்குள் ஊதா நிறத் துகள்கள் நவதானியம் தூவியதுபோல நிறைந்திருக்கும். விரைவுச் சாயங்களில் இத்துகள்கள் சில வேளை தெரியாமல் போகும். சந்தேகம் இருந்தால் ஜிம்சா போன்ற வேறு சாயத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். நார்த்திசுக் கட்டிகளோ ஊசிக்கு எளிதில் செல்களை விட்டுக்கொடுக்காது. ஆகவே ஊசியில் ஒன்றும் வரவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருள் அல்ல.

ஊசிச் சோதனை கட்டியின் பெயரைச் சொல்லும். ஆனால் தரத்தை முழுமையாகச் சொல்லாது. அதற்குத் திசுச் சோதனை வேண்டும்.

திசுச் சோதனை

கட்டி சிறிதாகவும் எளிதில் எடுக்கக்கூடிய இடத்திலும் இருந்தால் முழுவதையும் எடுத்தே சோதனைக்கு அனுப்பலாம். பெரிதாக இருந்தாலும், முகம், கால் போன்ற தோல் போதாத இடத்தில் இருந்தாலும், முதலில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்து, பிறகு அறுவையைத் திட்டமிடுவது நல்லது. கொழுப்புக் கட்டிக்கு அதை மட்டும் எடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டிக்குச் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. வரை நல்ல தோலையும், அடியில் ஒரு சதைப் படலத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். பெயர் தெரியாமல் கத்தி வைத்தால் ஒன்று தேவைக்கு மேல் வெட்ட நேரும், அல்லது மிச்சம் வைக்க நேரும். முதல் அறுவையே நாய்க்குச் சிறந்த வாய்ப்பு. மிச்சம் வைத்து இரண்டாம் முறை அறுப்பது கடினம், செலவும் அதிகம்.

எடுத்த திசு கெடாமல் ஆய்வுக்கூடம் சென்று சேர வேண்டும். கடையில் விற்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் 10 சதக் கரைசல் கிடைக்கும். திசுவின் அளவைப்போல் 10 மடங்கு கரைசல் இருக்க வேண்டும். திசு 1 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் கரைசல் நடுவரை ஊறாது. ஆகவே பெரிய கட்டியை ஒரு பக்கம் இணைந்திருக்கும்படி இடையிடையே கீறிவிட வேண்டும். வாய் அகன்ற பாட்டில் அவசியம். குறுகிய வாயில் திணித்த திசு, விறைத்தபின் வெளியே வராது. உப்பு நீரிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்து அனுப்பினால் செல்கள் சிதைந்து சோதனை பயனற்றுப் போகும். ஊசிச் சோதனைச் சிலைடுகளையும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பெட்டியில் அடைக்கக் கூடாது. ஃபார்மலின் ஆவி பட்டால் சிலைடில் சாயம் சரியாகப் பிடிக்காது.

பாட்டிலுடன் நாயின் வயது, இனம், பால், கட்டி இருந்த இடம், அளவு, எத்தனை நாளாக உள்ளது, முன்பு கொடுத்த மருந்து ஆகிய விவரங்களையும் எழுதி அனுப்ப வேண்டும். வளர்ப்போர் நோட்டில் குறித்து வைத்தது இங்கேதான் பயன்படுகிறது.

தரம் பிரித்தல் என்றால் என்ன?

பருத்தியையும் நெல்லையும் தரம் பிரிப்பதை விவசாயிகள் அறிவர். கட்டியின் தரம் என்பது அதன் மூர்க்கத்தின் அளவு. முதல் தரம் என்றால் சாது. மூன்றாம் தரம் என்றால் கொடியது. செல்கள் தாம் பிறந்த திசுவை எவ்வளவு ஒத்திருக்கின்றன, எத்தனை செல்கள் பிளவுபட்டுக்கொண்டிருக்கின்றன, உட்கருக்கள் ஒழுங்காக உள்ளனவா, செத்த திசு எவ்வளவு என்பவற்றைக் கொண்டு நோய்க்குறியியல் வல்லுநர் இதை முடிவு செய்கிறார்.

தரம் வேறு, நிலை வேறு. வயலில் முளைத்த களை எவ்வளவு வீரியமுள்ளது என்பது தரம். அது எத்தனை பாத்திகளுக்குப் பரவியிருக்கிறது என்பது நிலை. வீரியமுள்ள களை ஒரே ஒரு செடியாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்படலாம். சாதுவான களையும் கவனியாமல் விட்டால் வயலை மூடலாம். ஆகவே இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

மாஸ்ட் செல் கட்டிக்கு 1984-ஆம் ஆண்டில் பட்னாயக் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 83 நாய்களை ஆராய்ந்து மூன்று தரங்களை வகுத்தனர். 1,500 நாட்கள் கடந்தபோது முதல் தர நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உயிரோடு இருந்தன. இரண்டாம் தரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவானவையே இருந்தன. மூன்றாம் தரத்தில் நூற்றுக்கு 6 என்ற அளவே எஞ்சியது. ஒரே பெயர் கொண்ட நோய்தான். தரம் மாறும்போது விதியும் மாறுகிறது.

ஆனால் இம்முறையில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலான கட்டிகள் நடுவில் உள்ள இரண்டாம் தரத்தில் போய்ச் சேர்ந்தன. ஒரே சிலைடை ஒருவர் முதல் தரம் என்பார், மற்றொருவர் இரண்டாம் தரம் என்பார். 2011-இல் கியூப்பெலும் கூட்டாளிகளும் 95 கட்டிகளை 28 வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, மூன்றாம் தரத்தில் 75 சதமும், முதல் இரண்டு தரங்களில் 64 சதத்துக்கும் குறைவாகவுமே கருத்து ஒற்றுமை இருந்தது. எனவே அவர்கள் 'தாழ்ந்த தரம்', 'உயர்ந்த தரம்' என்ற இரண்டே பிரிவுகளை வகுத்தனர். இங்கே உயர்ந்தது என்பது மூர்க்கத்தில் உயர்ந்தது என்று கொள்ள வேண்டும். உயர் சக்தி லென்சில் 10 பார்வைப் புலங்களில் 7 அல்லது அதற்கு மேல் பிளவுறும் செல்கள். மூன்றும் அதற்கு மேலும் உட்கரு கொண்ட செல்கள் குறைந்தது 3. கோணல்மாணலான உட்கருக்கள் குறைந்தது 3. பத்தில் ஒரு பங்குச் செல்களிலாவது உட்கருவின் அளவில் இரு மடங்கு வேறுபாடு. இந்நான்கில் ஒன்று இருந்தாலே அது உயர்ந்த தரம். இம்முறையில் வல்லுநர்களின் கருத்து ஒற்றுமை 97 சதத்தை நெருங்கியது. உயர்ந்த தரக் கட்டி வந்த நாய்களில் பாதி 4 மாதங்களுக்குள் இறந்தன. தாழ்ந்த தரத்திலோ பாதிக்கு மேற்பட்டவை 2 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தன. இன்று பல ஆய்வுக்கூடங்கள் இரண்டு முறைகளிலும் தரத்தை எழுதிக் கொடுக்கின்றன. இவை தோலில் எழும் மாஸ்ட் செல் கட்டிக்கே உரியவை. தோலுக்கு அடியில் கொழுப்பில் எழுவதற்கு இவற்றை அப்படியே பொருத்தக் கூடாது.

மென்திசுப் புற்றுக்கு மதிப்பெண் முறை உண்டு. திசுவை ஒத்திருப்பதற்கு 1 முதல் 3 வரை. செல் பிளவுக்கு 1 முதல் 3 வரை. செத்த திசுவுக்கு 0 முதல் 2 வரை. கூட்டுத்தொகை 3 வரை முதல் தரம். 4, 5 இரண்டாம் தரம். 6-உம் மேலும் மூன்றாம் தரம். முதல் இரண்டு தரங்களில் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது 100-க்கு 15-க்கும் குறைவு. மூன்றாம் தரத்தில் 40-க்கு மேல்.

பெட்டை நாய்களின் பால்முலைக் கட்டிக்கும் இவ்வாறே மூன்று கூறுகளுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். பால்முலைக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கானவை. 3 செ.மீ.க்குள் எடுத்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

நிலையை அறிதல்

தீங்கான கட்டி என்று தெரிந்தபின் பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாடைக்கு அடியில், தோள்பட்டைக்கு முன்னால், அக்குளில், கவட்டியில், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் நெறிகள் உள்ளன. நெறி பெரிதாக இல்லாவிட்டாலும் அதிலும் ஊசி போட்டுச் செல்களைப் பார்ப்பது நல்லது. சாதாரண அளவுள்ள நெறிக்குள்ளும் புற்றுச் செல்கள் ஒளிந்திருக்கலாம். நுரையீரலுக்குப் பரவும் வகையானால் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மாஸ்ட் செல் கட்டியானால் கல்லீரல், மண்ணீரல் ஸ்கேன் பயன் தரும்.

தொற்றும் கட்டி

சாதாரணமாகப் புற்றுநோய் ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது. நாயின் பிறப்புறுப்பில் வரும் இக்கட்டி விதிவிலக்கு. இங்கே கிருமி எதுவும் இல்லை. புற்றுச் செல்லே உயிரோடு ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குப் போய்ப் பதியம் போட்டதுபோல் வளர்கிறது. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் உண்டு. இக்கட்டியின் செல்லிலோ 57 முதல் 64 வரையே உள்ளன. உலகெங்கும் உள்ள இக்கட்டிகள் யாவும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்களின் வழிவந்தவை. 1876-இலேயே ரஷ்ய நாட்டு நோவின்ஸ்கி என்பவர் ஒரு நாயின் கட்டியை மற்றொரு நாயில் வளர்த்துக் காட்டினார்.

சொட்டுச் சொட்டாக இரத்தம் வடிவது முதல் அறிகுறி. பெட்டை நாயில் 'பருவத்துக்கு வந்திருக்கிறது' என்று தவறாக எண்ணிவிடுவார்கள். நக்குவதாலும் முகர்வதாலும் மூக்குக்குள்ளும் வாயிலும் தோலிலும் கட்டி தோன்றலாம். ஒரு பக்க மூக்கில் தொடர்ந்து இரத்தம் வடிந்தால் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஊசிச் சோதனையில் குமிழ்கள் நிறைந்த வட்டச் செல்களாக எளிதில் அடையாளம் தெரியும். தரம் பிரிக்க அவசியம் இல்லை. வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் முற்றிலும் குணமடைகின்றன. மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அழுகச் செய்யும். ஒவ்வொரு முறையும் இரத்தச் சோதனையும் வேண்டும். ஆகவே இதை மருத்துவரே போட வேண்டும். மருந்து போட்ட சில நாட்களுக்கு நாயின் சிறுநீரையும் வாந்தியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

இக்கட்டி மனிதருக்கும் ஆடு மாடுகளுக்கும் தொற்றாது. நாய்க்கு வரும் பிற தோல் கழலைகளும் அவ்வாறே. எனவே அச்சத்தால் நாயை விரட்டிவிடத் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரே ஊரில் இரண்டு நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 8 வயது. இரண்டுக்கும் விலாவில் எலுமிச்சங்காய் அளவில் மெத்தென்ற கட்டி. முதல் நாயின் ஊசிச் சோதனையில் கொழுப்பு மட்டுமே வந்தது. எசமானர் உணவைக் குறைத்து, அளவைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். அறுவைச் செலவே இல்லை. இரண்டாவது நாயின் ஊசியில் துகள் நிறைந்த மாஸ்ட் செல்கள் வந்தன. ஹிஸ்டமினை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்து, அகலமாக அறுத்து, திசுவை அனுப்பினார்கள். 'தாழ்ந்த தரம், ஓரங்களில் புற்றுச் செல் இல்லை' என்று அறிக்கை வந்தால் மேற்கொண்டு மருந்து தேவைப்படாது. 3 மாதத்துக்கு ஒருமுறை தடவிப் பார்த்து வந்தால் போதும். 'உயர்ந்த தரம்' என்று வந்திருந்தால் வின்பிளாஸ்டின், பிரெட்னிசலோன் போன்ற மருந்துகளைத் தொடர வேண்டியிருக்கும். குணம் ஆகாது என்றாலும் வலியின்றி எத்தனை நாள் வாழவைக்கலாம் என்பதை எசமானரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்யலாம். வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்த இரு கட்டிகளைப் பிரித்துக் காட்டியது ஓர் ஊசிதான்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

ஆய்வுக்கூட அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு செய்திகளை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியின் பெயர் என்ன? தரம் என்ன? 10 பார்வைப் புலங்களில் பிளவுறும் செல்கள் எத்தனை? வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் எஞ்சியுள்ளதா? இவற்றுள் ஓரம் பற்றிய செய்தி கிடைக்க வேண்டுமானால் எடுத்த கட்டி முழுவதையும் அனுப்பியிருக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் அனுப்பிவிட்டு மீதியைக் குழியில் புதைத்துவிட்டால் அக்கேள்விக்கு விடை கிடைக்காது.

தடுப்பு முறைகள்

எல்லாக் கட்டிகளையும் தடுக்க இயலாது. சிலவற்றைக் குறைக்கலாம். குட்டி எடுக்க விரும்பாத பெட்டை நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்போ முதலிரு பருவங்களுக்குள்ளோ கருத்தடை செய்தால் பால்முலைக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பெரிய இன நாய்களுக்கு மிக இளமையில் செய்வதால் மூட்டுகளுக்குத் தீங்கு நேரலாம் என்பதால் ஏற்ற வயதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இனவிருத்திக்கு விடும் முன் இரு நாய்களின் பிறப்புறுப்பையும் சோதித்துப் பார்த்தால் தொற்றும் கட்டி பரவாது. வெள்ளை நாய்களுக்கு நண்பகலில் நிழல் வேண்டும்.

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். திசுச் சோதனைக்கும் பெரிய அறுவைக்கும் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம்.

கட்டியைக் கண்ட தேதியைக் குறிப்பதும், ஒரு மாதத்துக்குள் ஊசிச் சோதனை செய்வதும், எடுத்த கட்டியை எறியாமல் ஃபார்மலினில் போட்டு அனுப்புவதும் ஆகிய இம்மூன்றையும் கடைப்பிடித்தால், இரவெல்லாம் விழித்திருந்து பட்டியைக் காக்கும் நாயை உரிய காலத்தில் நாமும் காக்க இயலும்.